சியுங் சாவ் பன் திருவிழா: கூட்டத்தில் சிக்கித் தவிக்காமல் முழுதாகப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஹாங்காங் தீவுக்குத் தென்மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சியுங் சாவ் ஒரு சின்ன மீனவத் தீவு. பரப்பளவு 2.5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை, பன் திருவிழா நாளில், பல்லாயிரம் பேர் ஒரே பகலில் அங்கே வந்து இறங்குகிறார்கள். பகலில் தெய்வங்களின் ஊர்வலம், நள்ளிரவில் பன் அடுக்கிய கோபுரத்தில் ஏறும் போட்டி, இரண்டும்தான் ஈர்ப்பு.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறார்கள். ஊர்வலம் இரண்டு மணிக்கு என்று கேள்விப்பட்டு பன்னிரண்டரைக்குப் படகுத்துறைக்கு வருவார்கள். வரிசையில் நின்று, தீவில் இறங்கும்போது ஊர்வலம் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு வரிசை முதுகுகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து மறுபடி படகு வரிசைக்கு ஓடுவார்கள். அன்று முழுக்க அவர்கள் பார்த்தது வரிசைகளைத்தான்.

கூட்டத்தைக் குறைக்க நம்மால் முடியாது. ஆனால் கூட்டம் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்பது ஏறக்குறைய நிச்சயம். அதற்கு முன்னாலோ பின்னாலோ நம் நேரத்தை வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான். மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. தேதியை இரண்டு முறை சரிபாருங்கள்

முக்கிய நாள் சீன நாட்காட்டியின் நான்காம் மாதம் எட்டாம் நாள். ஹாங்காங்கில் அன்று புத்தர் பிறந்தநாள், அரசு விடுமுறை. ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2026-இல் மே 24, 2027-இல் மே 13. ஹாங்காங் அரசின் விடுமுறைப் பட்டியலில் புத்தர் பிறந்தநாளைத் தேடினால் அதுதான் ஊர்வல நாள்.

2026-இல் அது ஞாயிற்றுக்கிழமை, மறுநாளும் விடுமுறை. இப்படி அமையும் ஆண்டுகளில் கூட்டம் இன்னும் கூடும். அறை, படகு எல்லாவற்றுக்கும் கூடுதல் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம்: பன் கோபுரம் ஏறும் போட்டி நள்ளிரவில் நடப்பதால், அது ஊர்வலத்துக்கு முந்தைய இரவு என்று நினைத்து ஒருநாள் முன்னதாக வந்து நிற்பவர்கள் உண்டு. பகலில் ஊர்வலம், அதே நாள் இரவு பன்னிரண்டு மணிக்குப் போட்டி. இதுதான் வரிசை.

2. நுழைவு அனுமதி

சீன விசா ஹாங்காங்குக்குச் செல்லாது; ஹாங்காங் அனுமதியை வைத்துக்கொண்டு சீன நிலப்பகுதிக்குப் போகவும் முடியாது. இரண்டும் தனித்தனி.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் வருகைக்கு முந்தைய பதிவைச் செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. ஒரு வருகைக்கு 14 நாள்வரை தங்கலாம். பெயரை பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல அப்படியே நிரப்புங்கள். அப்பா பெயர், இனிஷியல் வைத்து எழுதும் நம் வழக்கத்தால் இங்கேதான் பலருக்குத் தவறு வருகிறது. பதிவு ஏற்கப்பட்ட தாளை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுகளுக்கு வேண்டியதில்லை. விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். மறுக்கப்பட்டால் பணம் போய்விடும்.

3. பகலா, இரவா, இரண்டுமா?

இதை முதலிலேயே முடிவு செய்யாமல் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புவது பெரிய தவறு. காலை எட்டு மணிக்குப் படகுத்துறையில் தொடங்கி நள்ளிரவுவரை வெயிலிலும் கூட்டத்திலும் நிற்பது பதினாறு மணி நேர வேலை. குழந்தைகளோ பெரியவர்களோ கூட இருந்தால் முடியாது.

குடும்பமாகப் போகிறவர்கள் பகலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவுப் போட்டி நேரலையாக ஒளிபரப்பாகும், அறையில் உட்கார்ந்து பார்க்கலாம். இளைஞர்கள், தனியாகப் போகிறவர்கள் இரண்டையும் பார்க்க நினைத்தால் தீவிலேயே ஓர் இரவு அறை எடுங்கள். துங் வான் கடற்கரை ஓரத்தில் ஒரு ஹோட்டலும், ஊருக்குள் நாள் வாடகைக்கு விடும் சின்னச் சின்ன அறைகளும் இருக்கின்றன. திருவிழா வாரத்தில் வாடகை ஏறும், பல மாதம் முன்பே நிறைந்தும் போகும். அப்படி அறை கிடைத்தால் முந்தைய நாள் மாலையே போய்விடுங்கள். ஊர்வல நாள் காலையில் படகு வரிசையே உங்களுக்கு இல்லை. பணம் கொடுத்து வாங்கக்கூடிய வசதிகளில் இதைவிடப் பெரியது இந்தத் திருவிழாவில் வேறு கிடையாது.

4. பையில் என்ன, எதை விட வேண்டும்

மே மாதத்தில் ஹாங்காங் நம் கடலோர ஊர்களைப் போலவே புழுங்கும். திடீர் மழையும் இடியும் வரும். ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், தொப்பி, மெல்லிய மழைக்கோட்டு, ஒரு சின்னத் துண்டு. குடை வேண்டாம். விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், நெருக்கத்தில் கம்பி கண்ணில் குத்தும்.

முதுகுப்பை பெரிதாக இருந்தால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் யாரையாவது இடிக்கும். சிறிய பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகாதீர்கள். தெருக்களில் தடுப்பு போட்ட பிறகு அதைத் திருப்பக்கூட இடம் இருக்காது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், கால் மிதிபடும்.

ஆக்டோபஸ் கார்டு கட்டாயம். விமான நிலையத்திலேயே கிடைக்கும். ரயில், படகு, கடைகள் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். முக்கியம் என்னவென்றால், திரும்பி வரும் கட்டணத்துக்கும் சேர்த்து முந்தைய நாளே பணம் ஏற்றிவிடுங்கள். கார்டில் பணம் இல்லை என்று படகுத்துறைக் கதவருகே விழிப்பவர்களை ஒவ்வொரு விடுமுறை நாளிலும் பார்க்கலாம். ஞாயிறு, அரசு விடுமுறைகளில் படகுக் கட்டணம் சாதாரண நாளைவிட அதிகம். பன், தெருத் தீனி விற்கும் சின்னக் கடைகளுக்காகக் கொஞ்சம் சில்லறை நோட்டுகளும் இருக்கட்டும். தீவில் ஏடிஎம் தேடி அலைய வேண்டாம், நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. காலைப் படகு

எம்டிஆர் என்ற மெட்ரோ ரயிலில் 'ஹாங்காங்' என்ற நிலையத்தில் இறங்கி, ஏ2 வாசலில் வெளியே வந்து நடந்தால் சென்ட்ரல் பகுதியின் படகுத்துறைகள் வரும். சியுங் சாவுக்கு 5-ஆம் எண் துறை. எட்டு மணிக்கு அங்கே இருங்கள். பத்து மணிக்கு மேல் வரிசை வளைந்து வளைந்து போகும்.

இரண்டு வகைப் படகு உண்டு. விரைவுப் படகு 35 முதல் 40 நிமிடம், சாதாரணப் படகு 55 முதல் 60 நிமிடம். எல்லோரும் விரைவுப் படகையே தேடுவார்கள். அன்றைக்கு மட்டும் சாதாரணப் படகைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். அது பெரிய மூன்றடுக்குப் படகு. ஒரே நடையில் நிறையப் பேரை ஏற்றிக்கொள்வதால் வரிசை சட்டென்று குறையும். அலையில் ஆட்டமும் குறைவு. சற்றுக் கூடுதல் கட்டணம் கொடுத்தால் மேல்தளத்தில், திறந்த பின்பகுதியில் காற்றோட்டமாக உட்காரலாம். திருவிழா நாளில் கால அட்டவணை மாறும், கூடுதல் படகுகள் விடுவார்கள். படகு நிறுவனத்தின் அறிவிப்பை முந்தைய இரவு பாருங்கள்.

சென்ட்ரல் துறையில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனால் இன்னொரு வழி இருக்கிறது. துங் சுங் ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் லந்தாவ் தீவின் முய் வோவுக்குப் போய், அங்கிருந்து தீவுகளுக்கிடையே ஓடும் சிறு படகில் சியுங் சாவ் போகலாம். அந்தப் படகு அடிக்கடி கிடையாது, நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். விமான நிலையப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி.

6. இறங்கியதும் இடப்பக்கம், நேராகக் கோயிலுக்கு

படகிலிருந்து இறங்குபவர்கள் எதிரே தெரியும் கடைகளில் நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்காதீர்கள். இடப்பக்கம் திரும்பிக் கரையோரமாக நடந்தால் சில நிமிடத்தில் பாக் தாய் என்ற தெய்வத்தின் கோயில். 1783-இல் கட்டப்பட்டது. கோயிலுக்கு முன்னால் உள்ள திடலில்தான் திருவிழாவின் உயிர் இருக்கிறது, அதை நிம்மதியாகப் பார்க்க முற்பகல் ஒன்றே நேரம்.

அங்கே பார்க்க வேண்டியவற்றைப் பொறுமையாகப் பாருங்கள். நிஜப் பன்களை அடுக்கிக் கட்டிய மூன்று உயர்ந்த பன் மலைகள் நிற்கும். போட்டிக்காக எழுப்பிய கோபுரம் வேறு. அதில் இருப்பவை பிளாஸ்டிக் பன்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் போட்டிக் கோபுரத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஊர் மக்கள் வணங்குவது நிஜப் பன் மலைகளை. மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த மூன்று பெரிய தெய்வ உருவங்களும் இருக்கும்: மண்ணின் தெய்வம், மலைத் தெய்வம், ஆவிகளை அடக்கி வைக்கும் தாய் சி வோங். ஊர்வல நாள் இரவில் தாய் சி வோங்கை எரித்துவிடுவார்கள். ஆகவே பகலில் பார்த்தால்தான் உண்டு. பக்கத்தில் மூங்கில் கொட்டகையில் கன்டோனீய (ஹாங்காங் பகுதிச் சீன மொழி) இசை நாடகம் நடக்கும்.

இது வழிபாட்டு இடம் என்பதை மறக்க வேண்டாம். பன் மலையைத் தொடக் கூடாது. படையலைத் தாண்டக் கூடாது. தாவோ என்ற சீனச் சமயத்தின் பூசாரிகள் சடங்கு செய்யும்போது முகத்துக்கு நேரே கேமராவை நீட்டக் கூடாது. சற்றுத் தள்ளி நின்று, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். நம் ஊர்க் கோயிலில் வெளியூர்க்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்போமோ அப்படி நாமும் இருந்தால் போதும்.

7. பதினொன்றரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள்

திருவிழா நாட்களில் தீவு சைவத்துக்கு மாறுகிறது. கடல் உணவுக்குப் பேர்போன ஊரில் பல உணவகங்கள் சைவம் மட்டும் சமைக்கும். மெக்டொனால்ட்ஸில்கூட அந்த நாட்களில் காளான் பர்கர்தான் முன்னால் நிற்கும். சைவர்களுக்கு ஹாங்காங்கில் இவ்வளவு எளிதாகச் சாப்பாடு கிடைக்கும் நாள் வேறு இல்லை.

ஆனால் ஒரு கவனம். எல்லாக் கடைகளும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. கன்டோனீய வழக்கத்தில் சிப்பியைச் சைவத்தில் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு, அதனால் சிப்பி சாஸ் சேர்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஜாய்" என்றால் அவர்களுக்குச் சைவம். முட்டை, சிப்பி, மீன் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய ஒரு வரியைப் போனில் சேமித்து வைத்துக் காட்டுவது இன்னும் உறுதி.

பன்னையும் இப்போதே வாங்குங்கள். ஆவியில் வேகவைத்து, மேலே சிவப்பு முத்திரை குத்திய வெள்ளைப் பன். உள்ளே தாமரை விதை, எள் அல்லது சிவப்புப் பயறு விழுது இருக்கும். மதியத்துக்குப் பிறகு புகழ்பெற்ற கடைகளில் வரிசை நீளும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடையிலும் சூடாகவே கிடைக்கும். அன்றே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் இறுகிவிடும்.

கழிப்பறைக்கும் இதுதான் நேரம். இனி நான்கு மணிவரை இடத்தைவிட்டு நகர முடியாது.

8. நிற்கும் இடம்

நம் ஊர்த் தேர்க்கூட்டம் பழகியவர்களுக்கு இங்கே கணக்குத் தப்பும். நம் தேர் வீதிகள் அகலமானவை, கூட்டமும் தேரோடு நகரும். இங்கே தெரு ஒரு சந்து அளவுதான். போலீசார் இரு பக்கமும் தடுப்பு கட்டிவிடுவார்கள். கூட்டம் நின்ற இடத்தில் நிற்கும், ஊர்வலம் மட்டும் நகரும். ஆகவே பின்னாலேயே நடந்து பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஓரிடம், அதுவும் முன்வரிசை. அதற்குப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் போய் நிற்க வேண்டும்.

கரையோரச் சாலை விசாலமாகத் தெரியும், பலர் அங்கே போவார்கள். அது மேற்குப் பார்த்த கரை. இரண்டு மணிக்கு மேல் வெயில் முகத்தில் அடிக்கும், நிழலே இல்லை, படமும் சரியாக வராது. உள்ளே சான் ஹிங் தெரு போன்ற குறுகிய தெருக்களில் கட்டட நிழல் விழும். பவனி கைக்கு எட்டும் தூரத்தில் போகும். முன்வரிசை கிடைக்குமானால் உள்தெருவே சிறந்தது. கிடைக்காவிட்டால் இரண்டாம் வரிசையில் நெருக்குப்படுவதைவிடக் கரையோரம் மேல். நெரிசல் பயம் உள்ளவர்களும் குழந்தை வைத்திருப்பவர்களும் முதலிலேயே கரையோரத்தைத் தேர்ந்தெடுங்கள், அங்கே வெளியேற வழி இருக்கும்.

இன்னொன்று: இரண்டு தெரு சந்திக்கும் மூலையில் நிற்காதீர்கள். கூட்டத்தைத் திருப்பிவிட மூலைகளைத்தான் போலீசார் முதலில் காலி செய்வார்கள். ஊர்வலப் பாதையும் நடை வழிகளும் ஆண்டுக்காண்டு கொஞ்சம் மாறும், அன்றைய வரைபடத்தைப் பார்த்து இடத்தை உறுதி செய்யுங்கள்.

குழுவாகப் போயிருந்தால் தடுப்புக்குள் போகும் முன்பே, பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்று பேசிவிடுங்கள். படகுத்துறையைச் சொல்லாதீர்கள், நெரிசலில் அங்கே யாரையும் கண்டுபிடிக்க முடியாது. தீவின் மறுபக்கம், ஐந்து நிமிட நடையில் இருக்கும் துங் வான் கடற்கரை பொருத்தம்.

9. ஊர்வலம்

மேளமும் தாளமும் காதைப் பிளக்கும். கைக்குழந்தைக்குக் காதுப் பஞ்சு வையுங்கள். சிங்க ஆட்டம், தெய்வங்களின் பவனி, ஒவ்வொரு பகுதிச் சங்கத்தின் கொடிகள் என்று வரும். எல்லோரும் காத்திருப்பது அந்தரத்தில் மிதப்பதுபோல் வரும் குழந்தைகளுக்காக. உடைக்குள் மறைந்த இரும்புக் கம்பிச் சட்டம் அவர்களைத் தாங்குகிறது. ஒரு விசிறி நுனியிலோ வாள் நுனியிலோ நிற்பதுபோலத் தெரியும். புராணப் பாத்திரங்களோடு, அந்த ஆண்டு செய்தியில் அடிபட்ட அரசியல்வாதிகள், விளையாட்டு வீரர்களின் வேடங்களும் இருக்கும்.

அந்தக் குழந்தைகளைத் தாங்கி வரும் சட்டங்கள் நடுவில் அடிக்கடி நின்று நின்று போகும். நிற்கும்போது கம்பி எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று பாருங்கள். அந்தக் கைவேலையை நெருங்கிப் பார்க்க வேறு சந்தர்ப்பம் இல்லை. குழந்தைகளைத் தொடாதீர்கள், கூவி அழைத்துத் திரும்பிப் பார்க்க வைக்காதீர்கள். போனைத் தலைக்கு மேல் தூக்கி முழுநேரமும் பிடிக்க வேண்டாம், பின்னால் நிற்பவர் நம்மை நம்பித்தான் நிற்கிறார். இடம் கேட்டு நகர வேண்டி வந்தால் "ம்கோய், ஜேஜே" (தயவுசெய்து கொஞ்சம் வழிவிடுங்கள்) என்றால் வழிவிடுவார்கள்.

நெருக்கம் தாங்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அருகில் நிற்கும் போலீசாரிடம் கை காட்டுங்கள், தடுப்பைத் திறந்து விடுவார்கள். எதிர்த்திசையில் முட்டிக்கொண்டு போவதுதான் ஆபத்து.

10. முடிந்ததும் படகுத்துறைக்கு எதிர்த்திசையில் நடங்கள்

ஊர்வலம் முடிந்த அடுத்த இரண்டு மணி நேரம்தான் படகு வரிசையின் உச்சம். அந்த நேரத்தைத் துங் வான் மணலில் கழியுங்கள், அல்லது தீவின் தெற்குப் பக்கப் பாறைப் பாதைகளில் நடங்கள். கார், பேருந்து ஓடாத தீவு, நடந்துதான் போக வேண்டும். ஏழு மணிக்கு மேல் துறைக்குப் போனால் வரிசை பெரிதும் குறைந்திருக்கும்.

11. நள்ளிரவுப் போட்டி

திடலுக்குள் போக இலவசச் சீட்டு வேண்டும். சமீப ஆண்டுகளில் சுமார் 1,650 சீட்டுகள், இரவு பத்து மணியிலிருந்து, முதலில் வருபவருக்கு முதலில் என்று கொடுக்கிறார்கள். எந்த இடத்தில் என்பதை அரசின் ஓய்வு, பண்பாட்டுத் துறை முன்னதாக அறிவிக்கும். ஆளுக்கு ஒன்றுதான், நண்பருக்காகச் சேர்த்து வாங்க முடியாது. மாலையிலேயே வரிசை கட்டும் என்பதால் தங்காமல் போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

நிகழ்ச்சி பதினொன்றரை அளவில் தொடங்கும். பன்னிரண்டுக்கு 12 பேர் 14 மீட்டர் கோபுரத்தில் ஏறுவார்கள். மூன்றே நிமிடம். மேலே உள்ள பன்னுக்கு 9 புள்ளி, நடுவில் 3, கீழே 1. இது தெரிந்தால்தான் சிலர் கீழே ஒன்றையும் தொடாமல் ஏன் உச்சிக்குப் பாய்கிறார்கள் என்று புரியும். 1978-இல் கோபுரம் சரிந்து பலர் காயமடைந்த பிறகு போட்டியே நின்றுபோனது. 2005-இல் இரும்புச் சட்டம், பாதுகாப்புக் கயிறு என்று கட்டுப்பாடுகளோடு திரும்பவும் தொடங்கினார்கள். இப்போது நுழைவில் காட்டும் கண்டிப்பும் அதனால்தான். முகம் சுளிக்க வேண்டாம்.

சென்ட்ரலுக்குத் திரும்பக் கூடுதல் இரவுப் படகுகள் இருக்கும். ஆனால் கரை சேரும்போது எம்டிஆர் முடிந்திருக்கும். 'என்' எழுத்தில் தொடங்கும் இரவுப் பேருந்து எண்ணையோ டாக்சியையோ முன்பே யோசித்து வையுங்கள்.

12. மழை வந்தால், கூட்டமே ஒத்துவராது என்றால்

ஹாங்காங் வானிலை மையம் மழையை மஞ்சள், சிவப்பு, கறுப்பு என மூன்று நிலைகளாக எச்சரிக்கும். அதன் செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, கறுப்பு வந்தால் நிகழ்ச்சிகள் தள்ளிப்போகலாம், நிற்கலாம். அப்படி வந்தால் கிளம்பாமல் காத்திருங்கள்.

கூட்டம் உடம்புக்கு ஒத்துவராதவர்கள் ஊர்வல நாளைத் தாராளமாக விட்டுவிட்டு ஒருநாள் முன்னதாகப் போகலாம். பன் மலைகள், காகித தெய்வங்கள், நாடகம், சைவச் சாப்பாடு எல்லாம் அன்றும் இருக்கும், படகில் உட்காரவும் இடம் இருக்கும். தீவில் தங்கியவர்கள் மறுநாள் காலை கோயில் பக்கம் போங்கள். பன் மலைகளிலிருந்து எடுத்த பன்களை ஊர் மக்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொள்வார்கள். அது முதலில் அவர்களுக்குரியது. கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வந்தவர்கள் எல்லாம் முந்தைய இரவே போயிருப்பார்கள் என்பதால், பத்து மணிக்குள் துறைக்கு வந்தால் திரும்பும் படகிலும் சிரமம் இருக்காது.